ரன்னிங் மேட்: குதிரைப் பந்தியில் பிறந்த பெயர்

2020 ஆகஸ்ட் 11 அன்று, துணை அதிபர் பதவிக்குத் தன்னுடன் போட்டியிடக் கமலா ஹாரிஸைத் தேர்ந்தெடுத்திருப்பதாக ஜோ பைடன் அறிவித்தார். மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரத்தில் வாழ்த்துப் பதாகைகள் கட்டினார்கள். கமலாவின் தாய் சியாமளாவைப் பெற்ற பி.வி. கோபாலன் பிறந்த ஊர் அது. அடுத்த வாரம் கட்சி மாநாட்டில் பேசிய கமலா, தன் குடும்பத்தாரைச் சொல்லிக்கொண்டு வரும்போது 'சித்தி' என்ற சொல்லை அப்படியே தமிழில் சொன்னார். நம் நாளிதழ்கள் அவரைத் 'துணை அதிபர் வேட்பாளர்' என்று எழுதின. இலங்கைத் தமிழில் 'உப ஜனாதிபதி வேட்பாளர்' என்பது வழக்கம். அங்கே அதிபர் என்றால் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். அமெரிக்க ஏடுகள் பயன்படுத்திய சொல்லோ வேறு: 'ரன்னிங் மேட்'.

இரண்டும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன. ஆனால் நம் பெயர் அவர் அமரப்போகும் நாற்காலியைச் சொல்கிறது. அமெரிக்கப் பெயர், அவர் யாரோடு சேர்ந்து ஓடுகிறார் என்பதை மட்டும் சொல்கிறது. ஓட்டம் முடிந்தபின் அவருக்கு என்ன வேலை என்பது அந்தப் பெயருக்குள் இல்லை. அந்த நாட்டின் வரலாற்றில் மிகக் கசப்பான சில பக்கங்கள் இந்த மறதியால் எழுதப்பட்டவை என்பது என் எண்ணம். எனவே இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது வெறும் அகராதி வேலையாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் 'ரன்'. நம் தேர்தல் பேச்சில் யாரும் ஓடுவதில்லை. "உங்கள் தொகுதியில் யார் நிற்கிறார்?" என்றுதான் கேட்கிறோம். கட்சி ஓர் ஆளை 'நிறுத்துகிறது'. நிற்கிறவருக்கு நாம் வைத்த பெயர் வேட்பாளர். வேட்பு என்றால் விருப்பம். பதவியை வேண்டி விரும்பி முன்வருபவர் என்பது பொருள். அதற்கு முன் புழங்கிய 'அபேட்சகர்' என்ற சொல்லும் விருப்பத்தையே குறித்தது. பிரிட்டிஷ்காரர்களும் தேர்தலில் நிற்பவர்கள்தாம். அவர்கள் சொல் 'ஸ்டாண்ட்'. அமெரிக்கர்கள் மட்டும் ஓடுகிறார்கள். தேர்தலே அவர்களுக்கு 'ரேஸ்'. முந்தி ஓடுபவர் 'ஃபிரண்ட் ரன்னர்'. யாரும் எதிர்பாராமல் முன்னே வந்துவிடுபவர் 'டார்க் ஹார்ஸ்'. இதைக் கறுப்புக் குதிரை என்று நாமும் எழுதப் பழகிவிட்டோம். 1844 அதிபர் தேர்தலில் ஜேம்ஸ் போல்க் வென்றபோது அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் ஆனார்.

அடுத்து 'மேட்'. ஆங்கிலத்தில் உணவைக் குறித்த பழைய சொல்லுக்கு இது உறவு. இன்று இறைச்சிக்கு வழங்கும் 'மீட்' அதே வேரில் வந்ததுதான். ஒரே பலகையில் உட்கார்ந்து உண்பவர் என்பது வடஜெர்மனிய மாலுமிகள், வணிகர்கள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பொருள். தமிழில் பந்தி என்ற சொல் உண்போர் வரிசைக்கும் பெயர், குதிரைகளை வரிசையாகக் கட்டும் இடத்துக்கும் பெயர். ரன்னிங் மேட் என்ற தொடருக்கு இந்த இரண்டு பொருளும் பொருந்தும். ஏனென்றால் அது முதலில் குதிரையின் பெயராகத்தான் இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் இரண்டு வழக்குகள் இருந்தன. ஒரு பந்தயத்தில் ஒரே லாயத்திலிருந்து இரண்டு குதிரைகளை இறக்குவார்கள். ஒன்று ஜெயிக்க வேண்டியது. மற்றது வேகத்தை ஏற்றிக்கொடுக்கவும் எதிரிக் குதிரைகளைக் களைக்க வைக்கவும் ஓடுவது. அந்த இரண்டாவது குதிரை ரன்னிங் மேட். இன்னொரு வழக்கு வண்டிப் பந்தயத்தில் உண்டு. அதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

1867 ஜூன் 21, நியூயார்க்கை ஒட்டிய லாங் தீவில் ஃபேஷன் கோர்ஸ் என்ற மைதானம். அன்று 'டிராட்' ஓட்டத்தில் பெயர்பெற்ற டெக்ஸ்டர் என்ற குதிரைக்கும் ஈதன் ஆலன் என்ற குதிரைக்கும் போட்டி. டிராட் என்பது ஒரு கட்டுப்பட்ட நடை: வலப்பக்க முன்காலும் இடப்பக்கப் பின்காலும் ஒன்றாக எழ வேண்டும், பிறகு மற்ற இரண்டும். எவ்வளவு வேகம் போனாலும் அந்த ஒழுங்கு குலையக் கூடாது. நாலுகால் பாய்ச்சலுக்கு மாறினால் தவறு. ஈதன் ஆலனுக்கு அப்போது 18 வயது. பந்தயக் குதிரைக்கு அது முதுமை. டெக்ஸ்டர் அதில் பாதி வயதுக்காரன். தனியே ஓடினால் ஈதன் ஆலனுக்கு வாய்ப்பே இல்லை. எனவே அதன் பக்கத்தில் இன்னொரு குதிரையைப் பூட்டினார்கள். நம்மூர் வண்டியில் வலத்து மாடும் இடத்து மாடும் ஒரே நடை நடந்தாக வேண்டும். இங்கே அந்த விதி கிடையாது. பக்கத்துக் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடலாம். வண்டியின் பாரத்தை அது இழுத்துக்கொள்ளும். பாரம் இறங்கிய டிராட் குதிரை தன் நடை பிசகாமல் காலை வீசிப் போட்டால் போதும். அன்று ஒரு மைலை 2 நிமிடம் 15 வினாடியில் கடந்து ஈதன் ஆலன் வென்றது.

அந்தக் காலத்தில் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் அச்சுப்படம் போட்டு விற்ற கரியர் அண்ட் ஐவ்ஸ் நிறுவனம் இந்தப் பந்தயத்தையும் படமாக வெளியிட்டது. படத்தின் தலைப்பில் ஈதன் ஆலனுக்குப் பெயர் உண்டு, தோற்ற டெக்ஸ்டருக்கும் பெயர் உண்டு. பாரம் இழுத்த குதிரைக்கு 'மேட்' என்ற ஒரு சொல்தான்.

எவ்வளவு வலிமையான குதிரை அது என்று யோசித்துப் பாருங்கள். பாரம் முழுவதும் அதன் தோளில். இருந்தும் வெற்றி அதன் கணக்கில் இல்லை. ஒரு நல்ல துணையைப் பற்றி இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது. பின்னாளில் அரசியல்வாதிகள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது, கூட ஓடுவதை எடுத்துக்கொண்டார்கள். பாரம் இழுப்பதை விட்டுவிட்டார்கள்.

அரசியலில் இந்தச் சொல் ஏறியதற்கு அகராதிகள் காட்டும் காலம் 1888 அளவு. அதற்கு முன்னும் கட்சிகள் ஜோடியாகத்தான் ஆள் நிறுத்தின. ஜோடிக்கு வழங்கிய பெயர் 'டிக்கெட்'. அந்நாளில் அரசாங்கம் வாக்குச்சீட்டு அச்சிடாது. ஒவ்வொரு கட்சியும் தன் ஆட்களின் பெயர்களைப் போட்டு, பார்த்தவுடன் அடையாளம் தெரியும் வண்ணத் தாளில்கூட அச்சடித்து, வாக்குச்சாவடி வாசலில் கொடுக்கும். வாங்கியதைப் பெட்டியில் போடுவதுதான் வாக்கு. மேலே அதிபர் பெயர், கீழே துணை அதிபர் பெயர். 1888இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஆஸ்திரேலிய முறையைப் பின்பற்றி அரசே அச்சிடும் ரகசிய வாக்குச்சீட்டைச் சட்டமாக்கியது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. கட்சிச் சீட்டு போயிற்று. டிக்கெட் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 'டிக்கெட்டைச் சமன் செய்வது' என்ற தொடரும் நிலைத்தது: தலைவர் வடக்கர் என்றால் துணை தெற்கர், தலைவர் முதியவர் என்றால் துணை இளையவர், தலைவர் கட்சியின் ஒரு பிரிவு என்றால் துணை மறு பிரிவு.

அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் இப்படி நினைக்கவேயில்லை. அவர்கள் வைத்த பெயர் 'வைஸ் பிரசிடென்ட்'. வைஸ் என்பது லத்தீன். 'இடத்தில்', 'பதிலாக' என்று பொருள். 1787இல் அவர்கள் எழுதிய முறைப்படி, அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் ஒவ்வொரு தேர்வாளரும் அதிபர் பதவிக்கென்றே இரண்டு பேருக்கு வாக்களிப்பார். பெரும்பான்மை பெற்று முதலில் வருபவர் அதிபர். இரண்டாவதாக வருபவர் அவர் இடத்தை நிரப்பக்கூடியவர். அதாவது நாட்டிலேயே இரண்டாவது தகுதியுள்ள ஆள் எவரோ, அவரே துணை. எவ்வளவு உயர்ந்த எண்ணம்!

அது 3 தேர்தலுக்குமேல் தாங்கவில்லை. 1796இல் ஜான் ஆடம்ஸ் 71 வாக்கும் அவரை எதிர்த்த தாமஸ் ஜெஃபர்சன் 68 வாக்கும் பெற்றதால், எதிரியே துணை அதிபரானார். 1800இல் கட்சிக் கட்டுப்பாடு முற்றிவிட்டது. ஜெஃபர்சனுக்கும் அவருடைய கட்சிக்காரரான ஆரோன் பர்ருக்கும் தலா 73 வாக்கு. யார் அதிபர் என்பது எல்லோருக்கும் தெரியும். பர் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்து, 1801 பிப்ரவரி 17 அன்றுதான் ஜெஃபர்சனை அதிபராக்கியது. இனி இரண்டு பதவிக்கும் தனித்தனி வாக்கு என்று 12ஆவது திருத்தம் வந்தது. 1804 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. குழப்பம் தீர்ந்தது. கூடவே ஒன்று தொலைந்தது: துணை அதிபர் என்பவர் இனிமேல் இரண்டாவது தகுதியாளராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாக்குக் கொண்டுவருகிறாரா என்று பார்த்தால் போதும் என்றாயிற்று. ரன்னிங் மேட் என்ற பெயர் பிறக்க இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. அந்தப் பெயருக்குரிய ஆளை 1804லேயே செய்துவிட்டார்கள்.

அதன் விலை 1841இல் முதன்முதலாகத் தெரிந்தது. விக் கட்சி வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்குத் துணையாக வர்ஜீனியாக்காரரான ஜான் டைலரைச் சேர்த்தது, தெற்கு வாக்குக்காக. பதவியேற்ற ஒரே மாதத்தில் ஹாரிசன் இறந்தார். டைலர் அதிபரானார்; கட்சியின் வங்கி மசோதாக்களை ரத்து செய்தார்; வெப்ஸ்டர் ஒருவரைத் தவிர அமைச்சர்கள் அனைவரும் விலகினார்கள்; கட்சி அவரை வெளியேற்றியது. இதிலிருந்து பாடம் படித்திருக்கலாம். படிக்கவில்லை என்பதற்கு 1864 சாட்சி.

அந்த ஆண்டுதான் என்னை மிகவும் வருத்துகிற ஆண்டு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆபிரகாம் லிங்கனுக்குத் துணை அதிபராக இருந்தவர் மெய்ன் மாநிலத்தின் ஹானிபல் ஹாம்லின். அடிமைமுறையை உறுதியாக எதிர்த்தவர். ஜூன் மாதம் பால்டிமோரில் கூடிய மாநாடு அவரை விலக்கிவிட்டு டென்னசியின் ஆண்ட்ரூ ஜான்சனை நிறுத்தியது. ஜான்சன் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர், தெற்கர். பிரிந்துபோன மாநிலங்களின் செனட்டர்களில் ஒன்றியத்தை விட்டு விலகாமல் நின்ற ஒரே ஆள். அவரைப் பக்கத்தில் நிறுத்தினால் கட்சி கடந்த கூட்டணி என்று காட்டலாம், எதிர்க்கட்சி வாக்கும் கொஞ்சம் வரும். கணக்கு அவ்வளவுதான். அந்த ஆகஸ்டில் லிங்கனே தான் தோற்றுவிடுவோம் என்று நம்பினார் என்பதால், அந்தக் கணக்கைப் போட்டவர்களை நான் முற்றாகப் பழிக்கவும் மாட்டேன். செப்டம்பரில் அட்லாண்டா வீழ்ந்தது, காற்று மாறியது. நவம்பரில் லிங்கன் 212 தேர்வாளர் வாக்குகளும் எதிராளி மெக்கிளெல்லன் 21 வாக்குகளும் பெற்றார்கள். 191 வாக்கு வித்தியாசம். ஜான்சன் இல்லாமலும் லிங்கன் ஜெயித்திருப்பார்.

1865 மார்ச் 4 அன்று ஜான்சன் குடிபோதையில் செனட் மண்டபத்தில் பதவியேற்று உளறினார். ஏப்ரல் 14 இரவு லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை ஜான்சன் அதிபர். 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்து நின்ற நேரம் அது. கடலோர நிலங்களை அவர்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக்கொடுக்க ஜெனரல் ஷெர்மன் அந்த ஆண்டு ஜனவரியில் ஆணை போட்டிருந்தார். ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய முதலாளிகளிடமே திருப்பிக் கொடுக்க வைத்தார். விடுதலை பெற்றோருக்கான உதவித் துறையை நீட்டிக்கும் மசோதாவை ரத்து செய்தார். 1866இன் குடிசார் உரிமை மசோதாவையும் ரத்து செய்தார். நாடாளுமன்றம் அவரை மீறித்தான் அதை நிறைவேற்றியது. 14ஆவது திருத்தத்தை எதிர்த்தார். கடைசியில் பதவிநீக்க விசாரணை வந்தது. 1868 மே 16 அன்று செனட்டில் அவருக்கு எதிராக 35, ஆதரவாக 19. நீக்குவதற்கு ஒரு வாக்கு குறைந்தது.

ஈதன் ஆலன் தன் துணைக் குதிரையோடு ஓடிய 1867 கோடையும் இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. மைதானத்தில் ரன்னிங் மேட் என்றால் பாரம் இழுக்கும் வலிமையான குதிரை என்று பொருளாக இருந்த அதே நேரத்தில், தலைநகரில் பாரம் இழுக்கத் தெரியாத ஒரு துணை நாட்டைக் குடைசாய்த்துக்கொண்டிருந்தார். லிங்கனுக்குப் பின் யார் வருவார் என்ற கேள்வியைப் பால்டிமோரில் ஒருவராவது உரக்கக் கேட்டிருந்தால், அந்த 40 லட்சம் பேரின் பிள்ளைகள் வேறு நாட்டில் வளர்ந்திருப்பார்கள்.

தவறான கணக்கில் சேர்த்த ஆள் நல்லவராக வாய்த்ததும் உண்டு. நியூயார்க் கட்சிக் கோஷ்டியைச் சமாதானப்படுத்த 1880இல் சேர்க்கப்பட்ட செஸ்டர் ஆர்தர், அதிபர் கார்ஃபீல்டு கொலைக்குப் பின் அதிபராகி, அரசு வேலைகளைத் தேர்வு மூலம் நிரப்பும் 1883 சட்டத்தில் கையெழுத்திட்டார். தியோடோர் ரூஸ்வெல்ட்டைத் துணை அதிபராக்கியதே அவரை நியூயார்க் ஆளுநர் பதவியிலிருந்து ஒதுக்கிவைக்கத்தான்; 1901 செப்டம்பரில் அதிபர் மெக்கின்லி இறந்ததும் 42 வயதில் அதிபரானார். இவை அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு நாட்டின் இரண்டாவது நாற்காலியை நிரப்பக் கூடாது. 1841 முதல் 1974 வரை 9 துணை அதிபர்கள் பாதியில் அதிபரானார்கள்: 8 முறை மரணத்தால், ஒரு முறை நிக்சனின் ராஜினாமாவால். எப்போதாவது நடக்கும் விபத்து என்று தள்ளிவிடக்கூடிய எண்ணிக்கை இல்லை இது.

துணையைத் தேர்ந்தெடுப்பது வெகுகாலம் கட்சி முதலாளிகளின் வேலையாக இருந்தது. அதை வேட்பாளர் கைக்குக் கொண்டுவந்தவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1940இல் ஹென்றி வாலஸை ஏற்காவிட்டால் தானே நிற்கப்போவதில்லை என்று மாநாட்டை மிரட்டினார். ஆனால் அவரே 1944இல் ஹாரி ட்ரூமனைச் சேர்த்துக்கொண்டபின், அவரிடம் எதையும் சொல்லிவைக்கவில்லை. ட்ரூமன் துணை அதிபராக இருந்தது 82 நாள். 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்து, தான் பதவியேற்ற பிறகுதான் அணுகுண்டு என்று ஒன்று உருவாகிக்கொண்டிருப்பது ட்ரூமனுக்குத் தெரியவந்தது.

வலிமையான துணை என்றால் தன் மாநிலத்தைக் கொண்டுவருபவர் என்ற நம்பிக்கைக்குப் பெரிய சான்றாகக் காட்டப்படுபவர் லிண்டன் ஜான்சன். 1960இல் கென்னடி அவரைச் சேர்த்ததால் டெக்சாஸின் 24 தேர்வாளர் வாக்குகள் கிடைத்தன. அங்கே வித்தியாசம் ஏறக்குறைய 46,000 ஓட்டுதான். சான்று உண்மையே. ஆனால் நான் அவரை வலிமையான துணை என்று சொல்வது வேறு காரணத்துக்காக. செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்து, எந்த உறுப்பினரிடம் எப்படிப் பேசினால் மசோதா நகரும் என்று அறிந்தவர் அவர். 1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டபின், அந்த அறிவைக் கொண்டுதான் 1964இன் குடிசார் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றினார். ஒரு ஜான்சன் நூறு ஆண்டுக்கு முன் தடுத்ததை, இன்னொரு ஜான்சன் செய்து முடித்தார். வியட்நாமில் அவர் செய்த பெரும்பிழையையும் மறைக்க வேண்டியதில்லை.

1972இல் வேறுவிதமான பாடம். அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் மாநாட்டு நெரிசலில் சில மணி நேரத்துக்குள் தாமஸ் ஈகிள்டன் என்ற செனட்டரைத் தேர்ந்தெடுத்தார். ஈகிள்டன் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர் என்ற செய்தி வெளிவந்தது. முதலில் முழு ஆதரவு என்ற மெக்கவர்ன், 18 நாளில் அவரை விலகவைத்தார். சிகிச்சை பெற்றதில் எந்த இழுக்கும் இல்லை. அதன்பின் 1987 வரை ஈகிள்டன் செனட்டராகவே இருந்தார். கேட்காமல் தேர்ந்தெடுத்ததும், கேட்டபின் கைவிட்டதும்தான் குற்றம். அதற்குப் பிறகு ஆளை முன்கூட்டி அலசிப் பார்க்கும் வழக்கம் இறுகியது. அதற்குப் பெயர் 'வெட்டிங்'. கால்நடை மருத்துவரைக் குறிக்கும் 'வெட்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. ஒரு குதிரையை வாங்கவோ பந்தயத்தில் விடவோ வேண்டுமானால் வைத்தியரைக் கூப்பிட்டுப் பல்லும் குளம்பும் மூச்சும் பார்ப்பார்களே, அந்த வேலை. ஆக, ஆளின் பெயரும் லாயத்திலிருந்து வந்தது, ஆளைச் சோதிக்கும் முறையின் பெயரும் லாயத்திலிருந்து வந்தது.

முறையாகச் செய்தவர் ஜிம்மி கார்ட்டர். 1976இல் ஜார்ஜியாவில் உள்ள தன் ஊரான பிளெய்ன்ஸுக்கு ஒவ்வொருவராக அழைத்துப் பேசி வால்டர் மாண்டேலைத் தேர்ந்தெடுத்தார். ஜெயித்தபின் வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே அவருக்கு அறை கொடுத்தார். துணை அதிபர் என்றால் தினமும் உடனிருந்து வேலை செய்பவர் என்ற பொருள் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1992இல் கிளிண்டன் பக்கத்து மாநிலத்து அல் கோரை, தன் வயதையொத்தவரை, சேர்த்துக்கொண்டார். சமன் செய்யும் கணக்குகள் எதற்கும் அந்த ஜோடி பொருந்தவில்லை, ஜெயித்தது.

2000இல் நடந்தது ஒரு விநோதம். ஜார்ஜ் புஷ்ஷுக்குத் துணை தேடும் பொறுப்பை ஏற்ற டிக் செய்னியே துணையானார். இருவரும் டெக்சாஸ்வாசிகள். ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள் இரண்டு பதவிக்கும் தம் மாநிலத்தவருக்கே வாக்களிக்கக் கூடாது என்ற 1787 விதி இன்றும் உயிரோடு இருப்பதால், செய்னி அவசரமாகத் தன் வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றினார். அந்த ஆண்டு அவர்கள் பெற்றது 271 வாக்கு, தேவை 270. பதிவை மாற்றாமல் இருந்திருந்தால் டெக்சாஸின் 32 வாக்குகளைச் செய்னி இழந்திருப்பார்.

மற்ற மொழிகள் இந்த ஆளை எப்படி அழைக்கின்றன? பிரெஞ்சில் 'கோலிஸ்தியே', ஒரே பட்டியலில் இருப்பவர். ஸ்பானிஷில் 'கொம்பன்யேரோ தெ ஃபோர்முலா'. அதில் வரும் கொம்பன்யேரோ, ரொட்டியைப் பகிர்ந்துண்பவர் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. மறுபடியும் பந்தி! கென்யாவிலும் தான்சானியாவிலும் ஸ்வாஹிலியில் 'ம்கோம்பேயா ம்வென்ஸா', கூடப் போட்டியிடும் தோழர். குதிரை எங்கும் இல்லை. நமக்கு இப்படி ஒரு சொல் தேவைப்படாததற்குக் காரணம் எளிது. இந்தியக் குடியரசுத் துணைத் தலைவர் தனியே, நாடாளுமன்ற இரு அவை உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். குடியரசுத் தலைவரோடு ஜோடி சேர்ந்து நிற்பதில்லை. 1969 மே மாதம் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் இறந்தபோது துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்றது தற்காலிகமாகத்தான். இலங்கையில் அந்தப் பதவியே இல்லை. 1993 மே 1 அன்று ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்டதும் பிரதமர் விஜேதுங்க பதவிக்கு வந்தார்.

ஆனாலும் இதற்கு நெருங்கிய ஓர் ஆள் நம் தேர்தல்களில் உண்டு: மாற்று வேட்பாளர். முக்கிய வேட்பாளரின் மனு தள்ளுபடியானால் கட்சிக்கு ஆள் இல்லாமல் போகக் கூடாதென்று அவரும் மனு போடுவார். முதல் மனு ஏற்கப்பட்டதும் அவர் கதை முடிந்துவிடும். 'பதிலாக' என்று பொருள்படும் அந்த லத்தீன் சொல்லுக்கு மாற்று என்பதைவிடச் சரியான தமிழ் கிடையாது.

நாம் வைத்திருக்கும் 'துணை'யும் எளிய சொல் இல்லை. பழந்தமிழில் அதற்கு உதவி, இணை, இரட்டை, ஒப்பு, அளவு என்றெல்லாம் பொருள் உண்டு. தினைத்துணை, பனைத்துணை என்பதில் இருப்பது அளவு. கணவனும் துணை, மனைவியும் துணை. திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரே பெரியாரைத் துணைக்கோடல். அரசன் தன்னினும் பெரியவரைத் தேடித் துணையாகக் கொள்வது அங்கே பேசப்படுகிறது. கடிதத் தலைப்பில் முருகன் துணை என்று எழுதுகிறோமே, அந்தத் துணை நம்மைவிடப் பெரிது. துணை வட்டாட்சியர், துணை நடிகர் என்று வரும்போதுதான் சொல் ஒரு படி கீழே இறங்குகிறது. அங்கும் ஒரு விலக்கு: துணைவேந்தர். பெயரில் துணை, பல்கலைக்கழகத்தை நடத்துபவர் அவர்தான்.

இவ்வளவு பார்த்தபின் என் முடிவு இது. ரன்னிங் மேட் என்பதைத் தமிழாக்க முயல வேண்டாம். 'ஓட்டத் துணை' என்றால் சிரிப்பார்கள், 'சக போட்டியாளர்' என்றால் எதிராளி என்று பொருளாகும். நம் நாளிதழ்கள் எழுதிவரும் 'துணை அதிபர் வேட்பாளர்' போதும். அது ஓட்டத்தை விட்டுவிட்டுப் பதவியைப் பார்க்கிறது; பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

2028 நவம்பரில் அமெரிக்கர்கள் மீண்டும் அதிபர் தேர்தலில் வாக்களிப்பார்கள். அந்தக் கோடையில் துணை அதிபர் வேட்பாளர்களாக இரண்டு பெயர்கள் அறிவிக்கப்படும். நம் செய்தியாளர்கள் அந்த ஆள் எந்த மாநிலத்தவர், எந்த இனத்தவர், யாருடைய ஓட்டைக் கொண்டுவருவார் என்றெல்லாம் எழுதுவார்கள், எழுதட்டும். அதற்கு முன் ஒரு பத்தியாவது, மறுநாள் காலையே அதிபராக வேண்டி வந்தால் அவர் என்ன செய்யக்கூடியவர், இதுவரை எதை நடத்திக் காட்டியிருக்கிறார் என்று எழுதுங்கள். வாசகர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.